காற்றைக் கடிக்கும் புரொப்பெல்லர்

“இன்ஜின் கத்துது, படகு போகமாட்டேங்குது.” கரையோரத்தில் அவுட்போர்டு மோட்டார் பழுதுபார்ப்பவர் எவரைக் கேட்டாலும் இந்தப் புகாரைச் சொல்வார். கைப்பிடியை முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வேகம் இறங்குகிறது. முறுக்கைத் தளர்த்திவிட்டு மெல்ல மறுபடி கொடுத்தால் எதுவுமே நடக்காததுபோலப் படகு ஓடுகிறது. அடுத்த அலையிலோ அடுத்த திருப்பத்திலோ திரும்பவும் அதே கத்தல். படகுக்காரர் புரொப்பெல்லரைச் சந்தேகிக்கிறார். கொஞ்சம் படித்த மெக்கானிக்காக இருந்தால் “கேவிட்டேஷன்” என்று ஒரு சொல்லைப் போடுவார். புதுப் புரொப்பெல்லர் வாங்கி மாட்டுகிறார்கள். அதுவும் கத்துகிறது.

இந்தக் கத்தலுக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்றில், நீர்ப்பரப்புக்கு மேலே இருக்கும் காற்று கீழே இழுக்கப்பட்டுப் புரொப்பெல்லருக்குள் புகுகிறது. இதற்கு வென்டிலேஷன் என்று பெயர். இந்தக் கட்டுரையில் காற்றிழுப்பு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். மற்றொன்றில் வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை; இறக்கையின் மேலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. கேவிட்டேஷன் என்பது இதுதான். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குப் பெரும்பாலும் பலிக்காது. நம் கரையில் ஓடும் சின்ன ஃபைபர் படகுகளைப் பொறுத்தவரை, பத்துக்கு எட்டு ஒன்பது தடவை குற்றவாளி காற்றுதான் என்பது என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் வரலாறும் வேண்டும்.

9.9 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்த ஃபைபர் படகுகளில் இந்த அளவு மோட்டார்களை நிறையவே பார்க்கலாம். இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றும்போது, கீழே இருக்கும் 13க்கு 27 பல் கியர் அதைக் குறைத்துப் புரொப்பெல்லரை 2400 சுற்றில் ஓட்டுகிறது. நொடிக்கு 40 சுற்று. புரொப்பெல்லரின் விட்டம் ஒன்பதேகால் அங்குலம் என்றால், இறக்கையின் நுனி நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது மணிக்கு 106 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரை வெட்டுகிறது. படகு போவது 24 கிலோமீட்டரில். நுனி பறப்பது 106இல்.

இறக்கை தண்ணீரைப் பின்னே தள்ளுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மை. இறக்கையின் பின்முகத்தில் அழுத்தம் கூடுகிறது, படகைப் பார்த்திருக்கும் முன்முகத்தில் அழுத்தம் குறைகிறது. இரண்டும் சேர்ந்துதான் உந்துவிசை. பெரும்பங்கு வேலையைச் செய்வது முன்முகத்தின் உறிஞ்சல்தான். இந்த உறிஞ்சலில்தான் இரண்டு தொல்லைகளுமே பிறக்கின்றன.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல்மட்டத்துக் காற்றழுத்தத்துக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. ஊட்டியில் அழுத்தம் குறைவு, அங்கே 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால், 30 டிகிரி கடல்நீர் 30 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்கு அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தில் 24இல் ஒரு பங்காக இறங்க வேண்டும். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பாயும் கடல்நீரின் இயக்க அழுத்தத்தைக் கணக்கிட்டால் சுமார் 4.4 காற்றழுத்தம் வருகிறது. முன்முகத்தில் ஏதோ ஓரிடத்தில் இதில் கால்பங்குக்கும் குறைவாகவே அழுத்தம் விழுந்தால்கூடப் போதும், தண்ணீரைத் தண்ணீராகப் பிடித்து வைத்திருக்கும் ஒரு காற்றழுத்தம் அங்கே தீர்ந்துபோகிறது. அந்த இடத்தில் ஆவிக் குமிழிகள் முளைக்கின்றன. கையில் தொட்டால் சுடாத கொதிப்பு.

இதை முதலில் கப்பல்காரர்கள் கண்டுபிடித்தது வேகப் பைத்தியத்தால். 1890களில் பிரிட்டிஷ் கடற்படைக்காகத் தார்னிகிராஃப்ட் கப்பல் கட்டும் தளத்தில் உருவான ‘டேரிங்’ என்ற போர்க்கப்பல் மணிக்கு 27 கடல்மைல் வேகத்தில் ஓட வேண்டும். சோதனை ஓட்டத்தில் இன்ஜின் தன் வேலையைச் செய்தது, கப்பல் வேகம் எடுக்கவில்லை. ஜான் தார்னிகிராஃப்டும் சிட்னி பார்னபியும் பல புரொப்பெல்லர்களை மாற்றிப் பார்த்து, கடைசியில் இறக்கைகளின் பரப்பைக் கூட்டியபோதுதான் கப்பல் சொன்னபடி கேட்டது. ஒரே விசையை அதிகப் பரப்பில் பகிர்ந்தால் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் உறிஞ்சல் குறையும், தண்ணீர் கொதிக்காது. தண்ணீருக்குள் வெற்றுக் குழிகள் உண்டாகும் இந்த நிகழ்வுக்குக் கேவிட்டேஷன் என்று பெயர் வைக்கச் சொன்னவர் ஆர். ஈ. ஃபுரூட்.

அதே காலத்தில் சார்லஸ் பார்சன்ஸ் நூறு அடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ‘டர்பினியா’வைக் கட்டி 1894இல் தண்ணீரில் இறக்கினார். நீராவி டர்பைனால் ஓடிய முதல் கப்பல். டர்பைன் வெறிபிடித்துச் சுற்றியது. கப்பல் 20 கடல்மைலைக்கூட எட்டவில்லை. ஒரே தண்டில் ஒரே புரொப்பெல்லர், அதுவும் பயங்கரச் சுற்றில். தண்ணீருக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் வழியில்லாத நாட்கள் அவை. பார்சன்ஸ் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்கி, அதில் இரண்டு அங்குலப் பொம்மைப் புரொப்பெல்லரைச் சுற்றவிட்டார். சூடான தண்ணீர் சுலபமாகக் கொதித்துவிடும் என்பதால், கடலில் பெரிய வேகத்தில் நடப்பது இங்கே சின்ன வேகத்திலேயே நடந்தது. அடுத்து 1895இல், தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு செப்புக் குழாய்ப் பாதையைச் செய்து, மேலிருந்த காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்து, சன்னல் வழியே விட்டுவிட்டு ஒளி பாய்ச்சிக் குமிழிகளைக் கண்ணாலேயே பார்த்தார். உலகின் முதல் கேவிட்டேஷன் சோதனைக் குழாய் அதுதான். ஒரு மேசையில் வைக்கக்கூடிய அளவு. இன்றும் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

பிறகு கப்பலைப் பிரித்து மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்று புரொப்பெல்லர், ஆக ஒன்பது புரொப்பெல்லர்கள் என்று மாற்றினார். 1897 ஜூன் 26 அன்று விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காக ஸ்பிட்ஹெட்டில் கடற்படை முழுவதும் வரிசை கட்டி நின்றபோது, அழைப்பில்லாமல் உள்ளே புகுந்த டர்பினியா போர்க்கப்பல் வரிசைகளுக்கு நடுவே 30 கடல்மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்து காட்டியது. துரத்திய காவல் படகுகளால் பிடிக்க முடியவில்லை. விளம்பரம் என்றால் இது.

குமிழி உண்டாவதைவிட அது சாவதுதான் ஆபத்தானது. தாழ்ந்த அழுத்தப் பகுதியில் பிறந்த ஆவிக் குமிழி, இறக்கையோடு சற்றே நகர்ந்து அழுத்தம் மீளும் இடத்துக்கு வந்ததும், உள்ளே இருக்கும் ஆவி மீண்டும் தண்ணீராகிவிடுகிறது. தாங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. சுற்றியிருக்கும் தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே புள்ளியை நோக்கி இடிந்து விழுகிறது. அந்தப் புள்ளியில் எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கையும் தாண்டும். 1917இல் ரேலி பிரபு இதற்கான கணக்கைப் போட்டுக் காட்டினார். அவரை அதில் இறங்க வைத்ததும் புரொப்பெல்லர்கள் அரிக்கப்படும் புதிர்தான். ஒரு குமிழி ஒன்றும் செய்துவிடாது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் இடிந்தால் அலுமினியம் அம்மைத் தழும்புபோலக் குழிகிறது. மன்னார் வளைகுடாவின் அடித்தரையில் வாழும் சொடுக்கு இறால்கள் இதே வித்தையில்தான் பிழைக்கின்றன: இடுக்கியைப் படாரென்று மூடி ஒரு குமிழியை உண்டாக்குகின்றன, அது இடிந்து விழும் அதிர்ச்சியில் இரை மயங்கிவிடுகிறது. அப்போது கேட்கும் சொடுக்குச் சத்தத்தை இடுக்கியின் இரண்டு பாதிகளும் மோதிக்கொள்ளும் ஓசை என்றே நினைத்திருந்தார்கள். ஓசை குமிழியினுடையது என்று 2000ஆம் ஆண்டில்தான் அதிவேகக் கேமரா காட்டிக்கொடுத்தது.

சரி, நம் படகுக்கு வருவோம். டேரிங் கப்பலின் அனுபவத்திலிருந்து பார்னபி ஒரு வரம்பு சொன்னார்: இறக்கை நுனி 11 அங்குல ஆழத்தில் இருக்கையில், இறக்கைப் பரப்பில் சதுர அங்குலத்துக்கு பதினொன்றேகால் பவுண்டு உந்துவிசைக்கு மேல் போனால் தண்ணீர் விட்டுக்கொடுத்துவிடும். பழைய அளவுகோல்தான், ஆனாலும் ஒரு தோராயத்துக்கு உதவும். 9.9 குதிரைத்திறன் என்பது 7.4 கிலோவாட். அதில் பாதி உந்துவிசையாக மாறி, படகு மணிக்கு 24 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொண்டால், தள்ளுவிசை சுமார் 550 நியூட்டன். 56 கிலோ எடைக்குச் சமம். புரொப்பெல்லர் வட்டத்தில் பாதியளவு இறக்கைப் பரப்பு என்று கொண்டால் சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டுகூட வரவில்லை. பார்னபி வரம்பில் மூன்றிலொரு பங்கு. நுனியிலோ, கல்லில் பட்டுச் சொட்டையான விளிம்பிலோ கொஞ்சம் கொதிக்கலாம். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் புரொப்பெல்லர் மொத்தமாகப் பிடியை விட்டு இன்ஜினைக் கத்தவிடும் அளவுக்குக் கேவிட்டேஷன் வர, இந்தப் படகுகளில் காரணமே இல்லை. இன்ஜின் கத்துகிறது என்றால் வேறெதையோ தேட வேண்டும்.

காற்றிழுப்பு இவ்வளவு நாசூக்கான விஷயமல்ல. தண்ணீரைவிடக் காற்று 800 மடங்கு லேசானது. முன்முகத்தின் உறிஞ்சல் நீர்ப்பரப்பிலிருந்து ஒரு சுழி வழியாகவோ, மோட்டாரின் காலை ஒட்டியோ காற்றைக் கீழே இழுத்துவிட்டால் இறக்கைக்குத் தள்ள எதுவும் கிடைப்பதில்லை. சங்கிலி கழன்ற சைக்கிளை மிதிப்பதுபோல்தான்: சுமை போய்விடுகிறது, சுற்று எகிறுகிறது, வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது. ஒருமுறை காற்று புகுந்துவிட்டால் உறிஞ்சல் அந்தக் காற்றுப்பையை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் முறுக்கைத் தளர்த்தினால்தான் பிடி திரும்ப வருகிறது.

இதைத் தடுக்கத்தான் புரொப்பெல்லருக்குச் சற்று மேலே மோட்டாரின் காலில் ஒரு தட்டையான தகடு வார்க்கப்பட்டிருக்கிறது. கேவிட்டேஷன் தகடு என்று பலரும் அதைத் தவறாகச் சொல்கிறார்கள்; அது மறிப்பது மேலிருந்து வரும் காற்றை. இந்தத் தகடு எங்கே நிற்கிறது என்பதுதான் சின்னப் படகின் பாதித் தலையெழுத்து.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழிகள் உண்டு. புரொப்பெல்லர் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அந்தத் தண்ணீரின் எடையால் கூடும் அழுத்தம் ஒரு காற்றழுத்தத்தில் 4 சதவீதம் மட்டுமே. மோட்டாரை இரண்டு அங்குலம் இறக்கினால் கேவிட்டேஷனுக்கு அரை சதவீதம் தடை கூடும். அதாவது ஒன்றும் ஆகாது. காற்றிழுப்போ, அந்த இரண்டு அங்குலத்தில் அடியோடு நின்றுவிடலாம். இறக்கி ஓட்டிப் பார்த்துக் கத்தல் நின்றால் அது காற்று என்று எழுதி ஒட்டிவிடலாம். இரண்டாவது சாட்சி இறக்கையின் மேல்தோல். ஆவிக் குமிழி இடிந்து விழும், காற்றுக் குமிழி அப்படி விழாது. உள்ளே இருக்கும் காற்று தண்ணீராக மாறாமல் மெத்தைபோல் தாங்கிக்கொள்கிறது. பெரிய அணைகளின் வழிந்தோடிகளில் வேண்டுமென்றே காற்றைப் புகுத்திக் கான்கிரீட் அரிப்பைத் தடுப்பது இந்தக் காரணத்தால்தான். ஆக, வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தும் இறக்கை வழவழவென்று இருந்தால் காற்றிழுப்பு. விளிம்புச் சொட்டைக்குச் சற்றுப் பின்னால் பெயின்ட் உதிர்ந்து சொரசொரப்பான குழிகள் தெரிந்தால் கேவிட்டேஷன். கடல் சூடாக இருப்பதால் நம் பக்கம் கேவிட்டேஷன் அதிகம் என்று சிலர் சொல்வதுண்டு. 10 டிகிரி வட கடலுக்கும் நம் 30 டிகிரிக்கும் ஆவியழுத்த வித்தியாசம் ஒரு காற்றழுத்தத்தில் 3 சதவீதம்தான். வெயிலின் மேல் பழிபோட முடியாது.

ஆனால் இரண்டுமே இல்லாத மூன்றாவது ஆசாமி ஒருவன் உண்டு, அவனை முதலில் விலக்கிவிட வேண்டும். புரொப்பெல்லரின் நடுவில், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. கட்டையிலோ பாறையிலோ இடித்தால் கியர் உடையாமல் இது வழுக்கிக்கொடுக்கும். பழசாகிப் பிடி தளர்ந்தால் சும்மாவே வழுக்கும். மெல்லப் போனால் ஓடும், முழு முறுக்கில் கத்தும், இன்ஜின் சூடான பிறகு இன்னும் மோசமாகும். காற்றிழுப்பின் அச்சு அசலான நகல். கண்டுபிடிக்கச் செலவே இல்லை: இன்ஜினை நிறுத்தி, பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் வயரையும் எடுத்துவிட்ட பிறகு (இதைச் செய்யாமல் புரொப்பெல்லரில் கைவைக்கவே வேண்டாம்), உள் ஹப்பிலிருந்து வெளி ஹப்புக்குக் குறுக்கே பெயின்ட்டால் ஒரு நேர்கோடு போடுங்கள். பிறகு ஓட்டிக் கத்தவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக முறிந்து விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. மோட்டாரின் உயரத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ரப்பர் இல்லாமல் ஷியர் பின் போட்ட சிறிய பழைய மோட்டார்களில் பின் அறுந்தால் புரொப்பெல்லர் சுற்றவே சுற்றாது, அங்கே குழப்பம் வராது. கடகடவென்று பல் தாவும் சத்தம் கேட்டால் அது கியர் கொக்கி தேய்ந்த கதை. மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

கோடு விலகவில்லையா? இனி உயரம். படகைக் கரையேற்றி, மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி, நீளமான நேர்ப்பலகை ஒன்றை ஏராவை ஒட்டி அடியில் வைத்துப் பின்னால் நீட்டுங்கள். தகடு அந்தப் பலகையின் மட்டத்திலோ, ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தெரிந்தால் வேறு விசாரணை தேவையில்லை. ரொம்பக் கீழே போனாலும் கேடுதான்: மோட்டாரின் கால் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும், எரிபொருள் வீணாகும், பின்னால் சாரல் தெறிக்கும்.

இந்தத் தவறு பெரும்பாலும் மோட்டாரைப் பழையதாக வாங்கும்போதே செய்யப்படுகிறது. அவுட்போர்டு மோட்டாரின் கால் 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்று நீளத்தில் மாறும். பின்பலகை 20 அங்குல உயரமுள்ள படகில், மலிவாகக் கிடைத்தது என்று 15 அங்குல மோட்டாரை மாட்டினால் தகடு ஏராவுக்கு ஐந்து அங்குலம் மேலே தொங்கும். எந்தப் புரொப்பெல்லரும் அதைச் சரிசெய்யாது. பின்பலகையை வெட்டித் தாழ்த்திவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். பின்னாலிருந்து துரத்தி வரும் அலை ஏறுவதற்கு அந்தப் பள்ளமே வாசலாகிவிடும். மோட்டாரின் எடையையும் அதிர்வையும் தாங்கும் பலகையின் பலமும் போகும். மோட்டாரை விற்றுவிட்டுச் சரியான நீளத்தில் வாங்குவது நஷ்டமாகத் தெரிந்தாலும் அதுதான் லாபம்.

உயரம் சரியாக இருந்தும் திருப்பத்தில் மட்டும் கத்தினால் மோட்டாரின் சாய்மானத்தைப் பாருங்கள். பின்பலகைக் கவ்வியில் சாய்வை மாற்றும் பின் ஒன்று இருக்கும். மோட்டார் பின்பக்கமாக அதிகம் நீட்டிச் சாய்ந்திருந்தால் புரொப்பெல்லர் நீர்ப்பரப்புக்கு நெருங்கிவிடுகிறது. ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டாலே பல நேரம் தீர்ந்துவிடும். திரும்பும்போது படகு ஒருபுறம் சாய்வதால் தகடும் சாய்ந்து, அதன் ஓரம் தண்ணீரை விட்டு வெளியே எட்டிப்பார்க்கிறது. அந்த வழியே காற்று. ஆட்களும் வலையும் எங்கே இருக்கின்றன என்பதும் கணக்கில் சேரும். எல்லாச் சுமையையும் அணியத்தில் குவித்தால் பின்புறம் தூக்கும். வலை ஏற்றிப் போகும்போது வராத கத்தல் வெறும் படகாக ஓடும்போது வருவதற்கும் இதுதான் காரணம். ஆழம் குறைந்த கரையோரங்களில் அடி தட்டாமலிருக்க மோட்டாரை அரைகுறையாகத் தூக்கி வைத்து ஓட்டுகிறவர்கள், அங்கே காற்றிழுப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள். முழு முறுக்கு கொடுக்காமல் போனால் சரி.

கோரமண்டல் கரையில் துறைமுகமில்லாத மணற்கரைகளிலிருந்து அலைமுறியும் பகுதியைத் தாண்டித்தான் படகு போக வேண்டியிருக்கிறது. உடைந்த அலையின் வெள்ளை நுரை என்பது பாதி காற்று. அதில் உலகத்திலேயே சிறந்த புரொப்பெல்லரும் வழுக்கத்தான் செய்யும். அதைக் கோளாறு என்று நினைத்துத் திருத்தப் போக வேண்டாம். நுரை வந்ததும் முறுக்கைக் குறைத்து, அடுத்த பச்சைத் தண்ணீரில் கொடுக்கும் கைப்பழக்கம்தான் அங்கே மருந்து. அனுபவமுள்ள ஓட்டிகள் இதை யோசிக்காமலே செய்கிறார்கள். நீண்ட தண்டோடு டீசல் இன்ஜின் பூட்டிய வள்ளங்களில் கைப்பிடியைத் தூக்கித் தாழ்த்தியே ஆழத்தைச் சரிசெய்ய முடிகிறது. அவுட்போர்டில் அந்த வசதி இல்லை.

அடுத்த சந்தேகம் புரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கும் எல்லாவற்றின் மீதும். தண்ணீர் கலையாமல் வந்து சேர வேண்டும். ஏரா சப்பையாக வெட்டப்பட்டு மோட்டாருக்கு நேர் முன்னால் முடிந்தால் அதன் வாலில் சுழிகளும் காற்றும் நீளும். கடைசி ஒன்றரை இரண்டு அடியைச் சரிவாக இழைத்துவிடுவது நல்லது. மீன் தேடும் கருவியின் உணரியை மோட்டாருக்கு நேர் முன்னே பின்பலகையில் திருகி வைத்திருந்தால் அதைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். அடிப்பக்கத்தில் ஃபைபர் பெயர்ந்த குழி, ஒட்டியிருக்கும் அலசு, தண்ணீரில் தொங்கும் கயிறு, எல்லாமே காற்றுக்குப் படிக்கட்டு. இப்போதெல்லாம் எதையும் பார்ப்பதற்கு முன் மோட்டாரின் காலில் பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். வலை நரம்பு தண்டில் சுற்றியிருந்தால் இரட்டை நஷ்டம்: அது எண்ணெய் சீலை அறுத்து, கியருக்குள் கடல்நீரை விட்டுவிடும். கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அது நடந்துவிட்டது என்று பொருள்.

காற்று எப்போதும் மேலிருந்தே வரும் என்பதுமில்லை. பல அவுட்போர்டுகளில் புகை ஹப்பின் நடுவழியாகப் பின்னே வெளியேறுகிறது. ஹப்பின் பின்விளிம்பில் சற்று விரிந்த வளையம் ஒன்று இருக்கும். புகை திரும்பி இறக்கைக்கு வராமல் தள்ளிவிடுவது அதன் வேலை. அந்த வளையம் உடைந்திருந்தாலோ, வேறு மாடலின் ஹப் அளவுள்ள புரொப்பெல்லரை மாட்டியிருந்தாலோ இன்ஜின் தன் புகையையே தின்னும். பின்னோக்கி ஓட்டும்போது மோட்டார் பலவீனமாக இருப்பதற்கும் இந்தப் புகை ஒரு காரணம். அது இயல்பு, பழுதல்ல.

கைபேசியில் ஜிபிஎஸ் இருப்பதால் இன்னொரு சோதனையும் செய்யலாம். புரொப்பெல்லரில் 9 பிட்ச் என்று பொறித்திருந்தால், வழுக்கலே இல்லாத உலகில் ஒரு சுற்றுக்கு அது 9 அங்குலம் முன்னேறும். நிமிடத்துக்கு 2400 சுற்றுக்கு மணிக்கு 33 கிலோமீட்டர். ஜிபிஎஸ் 24 காட்டினால் வழுக்கல் 27 சதவீதம். பாரம் ஏற்றிய வேலைப் படகுக்கு இது கவலைப்பட வேண்டிய எண்ணல்ல. லேசான உல்லாசப் படகுகளில் 10 முதல் 20 வரை இருக்கும். ஒரே சுமை, அமைதியான கடல், ஒரே முறுக்கு. இப்படி எடுத்த எண் சில மாதங்களில் 27இலிருந்து 40க்குத் தாவினால் எங்கோ ஏதோ மாறியிருக்கிறது. நன்றாக ஓடும்போதே இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்பவர்கள் மிகக் குறைவு.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் புரொப்பெல்லர். விளிம்புச் சொட்டைகளை நுண்ணிய அரத்தால் ராவி, முன்விளிம்பைப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, மூன்று இறக்கைகளையும் ஒன்றுபோல ஆக்கினாலே சின்ன அளவு கேவிட்டேஷன் நின்றுவிடும். இறக்கை வளைந்திருந்தால் அதிர்வு வரும், அதைக் கையால் தட்டி நிமிர்த்தப் பார்க்காமல் பட்டறைக்குக் கொடுப்பதே நல்லது. பின்விளிம்பைக் கிண்ணம்போல் லேசாக வளைத்த புரொப்பெல்லர்கள் காற்று கலந்த தண்ணீரிலும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் இன்ஜின் சுற்றைச் சற்றுக் குறைக்கும். நான்கு இறக்கைப் புரொப்பெல்லரும் அப்படியே. தகட்டில் திருகி மாட்டும் பிளாஸ்டிக் சிறகுகள் விற்கிறார்கள். உயரம் தப்பாக இருக்கும் படகில் அவை நோயை மறைக்கும், குணப்படுத்தாது. தகட்டில் துளைபோட்டது மட்டும் மிஞ்சும். இத்தனைக்கும், பெரிய மோட்டார்களின் சில புரொப்பெல்லர்களில் இறக்கை அடியில் வேண்டுமென்றே துளையிட்டுப் புறப்படும் நேரத்தில் புகையைக் கசியவிடுகிறார்கள். இன்ஜின் சட்டென்று சுற்றெடுக்க அது உதவுகிறது. பந்தயப் படகுகளின் புரொப்பெல்லர் பாதி வெளியே தெரியும்படியே ஓடும். அளவறிந்து விட்டால் காற்றும் நண்பன்தான், மீன்பிடிப் படகுக்கு அந்த ஆடம்பரம் தேவையில்லை.

கத்தலோடு ஓட்டிப் பழகிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டாரைக் குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே போகும் துவாரமும் அதே காலில், தகட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. புரொப்பெல்லர் காற்றைக் கடிக்கும் உயரத்தில் அந்தத் துவாரமும் காற்றைக் குடிக்கும். தண்ணீர் பம்பில் இருப்பது ரப்பர் இம்பெல்லர். தண்ணீரே அதற்கு மசகு. காய்ந்து சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே அதன் இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும், பிறகு இன்ஜின் சூடாகிப் பிஸ்டன் இறுகும். சின்ன மோட்டார்கள் பலவற்றில் சுற்று எல்லை மீறினால் தடுக்கும் கருவியும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு கத்தலுக்குப் பிறகும் திரும்பி, மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சும் அந்தச் சிறு நீர்த்தாரை வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் உடனே இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.